நான்கு ரூபாய் வித்தியாசம்

தாராபுரத்தில் அப்பா பேட்டரிக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. செத்த பேட்டரிகளை அங்கேதான் அடுக்குவோம். லாரி, டிராக்டர், பழைய அம்பாசிடர் கார் என்று எப்போதும் முப்பது நாற்பது கிடக்கும். 2012-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்த மாதங்களில் இன்வெர்ட்டர் பேட்டரிகள் மட்டுமே கொட்டகைக் கூரையைத் தொட்டன. புது பேட்டரி வாங்குபவர் பழையதைக் கொடுத்தால் எடை போட்டு விலையில் கழித்துக்கொள்வோம். கடை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த இரும்புத் தராசும், ஆசிட் தெறித்துப் பொத்தல் விழுந்த அப்பாவின் சட்டைகளும்தான். அம்மா அவற்றுக்கு ஒட்டுப்போட்டு அலுத்துப்போய், கடைசியில் காக்கித் துணியில் இரண்டு சட்டை தைத்துக் கொடுத்துவிட்டார்.

சேர்ந்த பழைய பேட்டரிகளை இரண்டு பேர் எடுத்துப்போவார்கள். ஒன்று, பேட்டரி கம்பெனி அனுப்பும் லாரி. ஆசிட்டைக் கழித்து எடை போடும், ரசீது தரும், பணம் அடுத்த மாதக் கணக்கில் வரவாகும். மற்றது ஒரு டெம்போ. ஆசிட்டோடு அப்படியே எடை போடும், ரசீது தராது, பணம் உடனே கையில். அதோடு கிலோவுக்கு நான்கு ரூபாய் கூடுதல். மாதம் ஒரு டன் கைமாறும் கடையில் அது நாலாயிரம் ரூபாய். எங்கள் கடை வாடகை அதைவிடக் குறைவு.

2001-இல் மத்திய அரசு பேட்டரிகளுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்திருந்தது. டீலர்கள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெற வேண்டும். பெற்றதைக் கம்பெனிக்கோ பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைக்கோதான் அனுப்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு காட்ட வேண்டும். விற்ற எண்ணிக்கையில் 90 சதவீதம் மூன்றாம் ஆண்டிலிருந்து திரும்பி வர வேண்டும் என்பது கம்பெனிகளுக்கு விதித்த இலக்கு. அந்தப் படிவத்தை நிரப்பியது நான். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது, என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். ஒவ்வொரு முறையும் இலக்கை ஒட்டியே ஓர் எண்ணை எழுதுவேன். உண்மையில் பாதிகூடக் கம்பெனிக்குப் போகவில்லை. யாரும் வந்து கேட்டதும் இல்லை.

பிற்காலத்தில் நான் ஒரு பேட்டரி மறுசுழற்சி ஆலையில் சுற்றுச்சூழல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். பதினொரு ஆண்டுகள். இந்தக் கட்டுரையை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று கேட்பவர்களுக்கு, முந்தைய பத்தியையும் இதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள் என்பதே பதில்.

கல்லூரி விடுமுறை ஒன்றில் அந்த டெம்போவில் ஏறிப் போயிருக்கிறேன். ஊரைத் தாண்டிச் சோளக்காட்டு ஓரமாக ஒரு தரிசு நிலம். இரண்டு பேர் கோடாலியால் பேட்டரிகளைப் பிளந்துகொண்டிருந்தார்கள். ஆசிட் மண்ணில் ஓடிச் சிறு குட்டையாகத் தேங்கி நின்றது. உள்ளே இருந்த ஈயப் பிளேட்டுகளைப் பிரித்துத் தரையில் தோண்டிய உலையில் கரியோடு கொட்டி, ஊதுவிசிறியை முடுக்கினார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். இரும்பைப் போல முரண்டு பிடிக்காது. ஒரு குழி, ஒரு விசிறி, ஒரு கரண்டி போதும். மஞ்சளும் சாம்பலும் கலந்த புகை தாழ்வாகவே நகர்ந்து சோளத்தின் மேல் படிந்தது. பிளந்தவர்களில் ஒருவரின் மனைவி சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். அடுத்த தோட்டத்தில் இரண்டு ஆடுகள் செத்துப்போனதற்காகத் தோட்டக்காரர் சண்டைக்கு வந்ததாகவும், ஏதோ கொடுத்து அனுப்பிவிட்டதாகவும் டெம்போக்காரர் சொன்னார். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. செலவுக் கணக்கில் ஒரு வரியாகச் சொன்னார்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஈயச் சொம்பில் ரசம் வைத்தால் வரும் மணத்தைப் பற்றி நம் வீடுகளில் பேசாதவர்கள் குறைவு. அந்த ஈயம் வெள்ளீயம். பேட்டரிக்குள் இருப்பது காரீயம், வேறு உலோகம். பேச்சில் இரண்டையும் வெறும் ‘ஈயம்’ என்றே சொல்லிவிடுகிறோம். ‘ஈயந்தானே, பாட்டி காலத்திலிருந்து சமைத்துச் சாப்பிடுகிறோமே’ என்று ஒரு பஞ்சாயத்துத் தலைவர் என்னிடமே சொல்லியிருக்கிறார். காரீயத்துக்கு உடலில் ஒரு வேலையும் கிடையாது. கால்சியம் என்று நினைத்து எலும்பு அதைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதுகாப்பான அளவு என்று எதையும் உலக சுகாதார நிறுவனம் சொல்வதில்லை. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் இது ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருக்கிறது என்று யூனிசெஃப்பும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020-இல் சொன்னபோது, முறைசாராப் பேட்டரி உருக்கலை முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டன. தெற்காசியக் குழந்தைகள் அந்தக் கணக்கில் பெரும் பங்கு.

சரி, அந்த நான்கு ரூபாய்க்கு வருகிறேன்.

ஆலையில் அதே பேட்டரி எப்படி உடைபடும் என்று சொல்கிறேன். மூடிய இயந்திரத்துக்குள், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்க, அரைபடும். ஆசிட் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சுண்ணாம்பால் நடுநிலையாகும். பிளாஸ்டிக் மிதக்கும், ஈயம் அடியில் படியும். சுழல் உலையிலிருந்து கிளம்பும் புகை, நூற்றுக்கணக்கான துணிப்பைகள் தொங்கும் வடிகட்டி அறை வழியாகவும் பிறகு நீர்த்தூவியிலும் கழுவப்பட்டுத்தான் புகைபோக்கிக்குப் போகும். அந்தப் பைகள் கிழியும், மாற்ற வேண்டும். புகையை இழுக்கும் பெரிய விசிறி விழுங்கும் மின்சாரம் தனி. உலையில் மிஞ்சும் கசடு கும்மிடிப்பூண்டியில் இருக்கும் அபாயகரக் கழிவு நிலப்புதைப்பு மையத்துக்கு லாரியில் போக வேண்டும், டன்னுக்கு இவ்வளவு என்று கட்டணம். தொழிலாளர்களுக்கு ரத்தப் பரிசோதனை. அளவு ஏறியவரை உலைப் பக்கம் விடாமல் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். வேலை முடிந்தால் குளித்துவிட்டுத்தான் வெளியே விடுவோம். சீருடையை ஆலையிலேயே துவைப்போம். வீட்டுக்கு எடுத்துப்போனால் தூசி குழந்தைகள் வரை போய்விடும்.

இதையெல்லாம் ஒரு நாள் உட்கார்ந்து கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தேன். வரியையும் சேர்த்துக்கொண்டேன். பேட்டரிக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்த காலம் அது. 2025 செப்டம்பர் 22 முதல்தான் 18 ஆனது. அப்பா வாங்கிய நான்கு ரூபாய் அந்தக் கணக்குக்குள் வசதியாக அடங்கிவிட்டது. டெம்போக்காரர் அப்பாவுக்குக் கொடுத்தது வடிகட்டிப் பையின் காசு, விசிறியின் கரண்ட் பில், கும்மிடிப்பூண்டிக் கட்டணம், அரசுக்குச் சேர வேண்டிய வரி. மிச்சத்தை வேப்பமரத்தடியில் இருந்த அந்தக் குழந்தை கொடுத்தது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. குழி உலையில் ஈயம் நிறைய வீணாகும். கொஞ்சம் புகையோடு போகும், கொஞ்சம் கசடோடு தங்கும். எங்கள் ஆலை அதே பேட்டரியிலிருந்து எடுக்கும் ஈயம் கூடுதல். தொழில்நுட்பத்தில் நாங்கள் ஜெயித்தோம், விலையில் தோற்றோம். உலை பாதித் திறனில் ஓடிய மாதங்கள் உண்டு. உள்ளூரில் பழைய பேட்டரி கிடைக்காமல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் தருவிப்பதைப் பற்றிப் பேசுவோம். ஆசிட் வடித்த முழு பேட்டரிகளுக்கு உலகச் சந்தையில் ‘ரெயின்ஸ்’ என்று ஒரு குறிப்பெயர். அமெரிக்கக் கழிவு வணிகர்கள் வைத்தது. தாராபுரத்து பேட்டரி சோளக்காட்டுக்குப் போக, யாரோ ஓட்டிய காரின் ‘ரெயின்ஸ்’ கடல் கடந்து வருவதற்கு நாங்கள் அனுமதிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்போம்.

சோளக்காட்டு ஈயம் கடைசியில் எங்கே போகும்? அதுவும் பேட்டரிக்குத்தான் போகும். கரடுமுரடான கட்டிகளாக வார்த்து, யாராவது ஒருவரின் ரசீதுப் புத்தகத்தின் வழியே சுத்திகரிப்பவரிடம் வந்து சேரும். எங்கள் வாசலுக்கே வந்திருக்கிறது. ஒரு முறை உலை காலியாகக் கிடந்த வாரத்தில் மேலாளர் வாங்கச் சொன்னார். நான் ஆட்சேபித்துக் குறிப்பு எழுதினேன். அவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “தம்பி, நாம் வாங்காவிட்டால் பக்கத்து ஆலைக்காரர் வாங்குவார். அடுத்த மாதம் உனக்கும் சேர்த்துச் சம்பளம் போட வேண்டுமே” என்றார். நல்ல மனிதர்தான். குறிப்பு கோப்பில் இருந்தது, கட்டிகள் உலைக்குள் போயின.

சுற்றுச்சூழல் விதி கடுமையானால் தொழில் போட்டியில் நாம் பின்தங்கிவிடுவோம் என்று தொழிலதிபர்கள் பேசும்போதெல்லாம் நான் சீனாவை நினைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு நினைவுக்கு வருவது அந்தச் சோளக்காடுதான். எங்களைத் தோற்கடித்த போட்டியாளர் கடல் கடந்து வரவில்லை, அப்பா கடையின் பின்வாசலுக்கு டெம்போவில் வந்தார். விதியின் கடுமை எங்களுக்குப் பெரிய பாரம் இல்லை. அது எங்கள் மதிற்சுவரோடு நின்றுவிட்டதுதான் பாரம்.

இதே கதை பெரிய அளவில் அமெரிக்காவில் நடந்தது. 2008 அக்டோபரில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை காற்றில் ஈயத்துக்கான வரம்பைக் கன மீட்டருக்கு 1.5 மைக்ரோகிராமிலிருந்து 0.15 ஆகக் குறைத்தது. ஒரே அடியில் பத்தில் ஒரு பங்கு. எல்லைக்கு அப்பால் மெக்சிகோவில் வரம்பு 1.5 ஆகவே இருந்தது. அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்குப் பழைய பேட்டரி ஏற்றுமதி அதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. 2004-க்கும் 2011-க்கும் இடையில் ஐந்தரை முதல் ஆறேகால் மடங்கு ஆனதாக வட அமெரிக்க நாடுகளின் சுற்றுச்சூழல் ஒத்துழைப்பு ஆணையம் 2013-இல் கணக்கிட்டது. பிறகு பொருளாதார ஆய்வாளர்கள் மூவர் மெக்சிகோவின் பிறப்புப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்க வரம்பு இறுகியபின், மெக்சிகோவின் பேட்டரி உருக்காலைகளுக்கு இரண்டு மைல் சுற்றளவில் எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளின் விகிதம் கூடியிருந்தது. அமெரிக்கக் காற்று சுத்தமானது உண்மை. ஈயம் தண்ணீரைப் போல, வரப்பு தாழ்ந்திருக்கும் பக்கம் பாய்ந்ததும் உண்மை.

அமெரிக்கா மட்டும் யோக்கியம் என்று இல்லை. லாஸ் ஏஞ்சலீஸை ஒட்டிய வெர்னன் என்ற தொழில் நகரத்தில் 1922 முதல் ஓர் ஈய உருக்காலை இருந்தது. 2000-இல் எக்சைட் டெக்னாலஜீஸ் கைக்கு வந்தது. (நம்மூர் எக்சைட் வேறு கம்பெனி.) முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது தற்காலிக அனுமதியிலேயே ஓடியது. நம் ஊர் அலுவலகங்களைக் கிண்டல் செய்பவர்கள் இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளலாம். 2015-இல் குற்ற வழக்கைத் தவிர்ப்பதற்காக நிரந்தரமாக மூடிக்கொண்டது. 2020-இல் திவால் நீதிமன்றம் அந்த இடத்தைக் கைகழுவிவிட்டுப் போக அனுமதித்தது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான வீடுகளின் முற்றத்தில் ஈயம். வீடு வீடாக ஒன்றரை அடி ஆழம் வரை மண்ணைத் தோண்டி எடுத்துப் புதுமண் போடும் வேலை அரசின் தலையில் விழுந்தது. 2016-இல் ஒதுக்கிய முதல் பெரிய தொகை மட்டும் 17.66 கோடி டாலர். ஈயம் ஆழத்துக்கு இறங்காது, மேல்மண்ணிலேயே ஒட்டிக்கொண்டு குழந்தைகளின் கைக்குக் காத்திருக்கும். அங்கிருந்து சற்றுத் தள்ளி, சிட்டி ஆஃப் இண்டஸ்ட்ரி என்ற ஊரில் குவெமெட்கோ என்ற இன்னொரு உருக்காலை அதே கலிஃபோர்னிய விதிகளின் கீழ் ஓடிக்கொண்டிருந்தது. 2008-இல் புகைக்கு ஈர மின்வடிகட்டி போட்டவர்கள். அவர்கள் மீதும் புகார்களும் அபராதங்களும் உண்டு, சுத்தத் தங்கம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த விதிகளோடு ஓடவே முடியாது என்ற பேச்சுக்கு அந்த ஆலை ஒரு மறுப்பு.

சீனா செய்தது வேறு மாதிரி. 2011-இல் செஜியாங் மாகாணத்தின் தெச்சிங்கில் ஒரு பேட்டரி ஆலையைச் சுற்றி 332 பேருக்கு ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது, அவர்களில் 99 பேர் குழந்தைகள். நாடு முழுவதும் 1,930 பேட்டரி நிறுவனங்களைச் சோதித்தார்கள். எண்பது சதவீதத்துக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன அல்லது நிறுத்தப்பட்டன. அதே மாகாணத்தின் சாங்சிங் மாவட்டத்தில் ஒரு காலத்தில் 175 பேட்டரி கம்பெனிகள் இருந்தன. அடுத்தடுத்த களையெடுப்புகளில் 61 ஆகி, பிறகு 16 ஆயின. மிஞ்சியவற்றில் தியென்னெங், சாவோவெய் இரண்டும் மின்மிதிவண்டி பேட்டரியில் பூதாகாரமாக வளர்ந்தன. விதி போட்டித்திறனைக் கொல்லும் என்பதற்கு எதிர்ச்சாட்சியாக இதைக் காட்டுவார்கள். காட்டலாம். மூடப்பட்ட நூற்றுக்கணக்கான பட்டறைகளில் அப்பாவைப் போன்றவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு வேறு வழி காட்டப்பட்டதா என்ற கேள்வி என்னை விடுவதில்லை. வெற்றிபெற்ற 16-இன் கதையை மட்டும் கேட்டுவிட்டுக் கைதட்ட என்னால் முடியவில்லை.

நம் பக்கம் விதி வேறொரு விதமாகவும் நோயுறும். 2021 ஏப்ரல் 30 அன்று ஆந்திர மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமர ராஜா பேட்டரீஸின் சித்தூர் மாவட்டத்து ஆலைகள் இரண்டையும் மூட உத்தரவிட்டது. உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. கம்பெனியைச் சேர்ந்த கல்லா ஜெயதேவ் அப்போது எதிர்க்கட்சி எம்.பி. மாசுக்காகவா, அரசியலுக்காகவா என்று ஆளுக்கொன்று பேசினார்கள். ஈயம் கலந்ததா இல்லையா என்ற அசல் கேள்வி அந்த இரைச்சலில் அமுங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்நிறுவனம் தன் லித்தியம் ஆலையைத் தெலங்கானாவின் மகபூப்நகரில் அமைக்க ஒப்பந்தம் போட்டது; பத்தாண்டுகளில் 9,500 கோடி ரூபாய். விதியை நீதியாக நம்புவதா, ஆயுதமாக அஞ்சுவதா என்று தெரியாத இடத்தில் எந்த முதலாளியும் வடிகட்டிக்குப் பணம் போடத் தயங்குவார். வழக்கறிஞருக்குப் போடுவார்.

2022 ஆகஸ்டில் வந்த புதிய பேட்டரிக் கழிவு விதிகள், என் பார்வையில், சரியான இடத்தில் கைவைக்கின்றன. பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு, நிரூபிக்கச் சான்றிதழ், 2027-28 முதல் வாகன பேட்டரியில் 35 சதவீதமாவது மறுசுழற்சிப் பொருள். ஆனால் சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்டதும் என் பழைய கையெழுத்து ஞாபகத்துக்கு வருகிறது. பிளாஸ்டிக்குக்கு இதே போன்ற ஏற்பாட்டில் லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன. சோளக்காட்டு ஈயத்துக்கும் சான்றிதழ் முளைத்தால் 35 சதவீதம் என்ன, நூறு சதவீதமே காட்டலாம். நான் அதிகாரியாக இருந்தால் படிவத்தைப் படிக்க மாட்டேன். டீலர் விலையைக் கேட்பேன். பழைய பேட்டரிக்கு ரசீதில்லாத விலை ரசீது விலையைவிட எங்கே அதிகமோ, அங்கே பக்கத்தில் ஒரு குழி எரிகிறது. மூக்கு தேவையில்லை, அந்த வித்தியாசமே புகை. அதிகாரியை அனுப்புவதற்கு முன் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டும் வழியையும் கம்பெனிகளைச் செய்யவைக்க வேண்டும். டீலருக்கு உடனடிப் பணம், ஆசிட்டோடு எடை என்று டெம்போக்காரர் செய்த எளிய காரியங்களைக் கம்பெனி லாரி ஏன் செய்யக் கூடாது?

இப்போது எல்லோரும் லித்தியம் பேசுகிறார்கள். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டம் அழகாக எழுதப்பட்டது. 2027 பிப்ரவரியிலிருந்து மின்வாகன பேட்டரி ஒவ்வொன்றுக்கும் அதன் விவரங்களைச் சொல்லும் டிஜிட்டல் பாஸ்போர்ட் கேட்கிறது. மூலப்பொருள் எந்தச் சுரங்கத்திலிருந்து எப்படி வந்தது என்று ஆராய வேண்டிய கடமையை மட்டும் 2025-லிருந்து 2027-க்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். பசுமை பேட்டரி என்று கொண்டாடப்பட்ட சுவீடனின் நார்த்வோல்ட் 2025 மார்ச்சில் திவாலானது. விதிதான் கொன்றது என்று சிலர் எழுதினார்கள். முந்தைய ஆண்டே பி.எம்.டபிள்யூ. 200 கோடி யூரோ ஆர்டரை ரத்துசெய்திருந்தது. சொன்ன நேரத்தில் சொன்ன எண்ணிக்கையில் செல் தயாரிக்க முடியாத ஆலையை எந்தச் சலுகை காப்பாற்றும்?

அப்பா 2016-இல் கடையை மூடினார். டெம்போக்காரரும் நின்றுபோனார், உடம்பு சரியில்லை என்றார்கள், கை மணிக்கட்டு தொங்கிப்போயிருந்ததாம். ஈயம் ஏறியவர்களுக்கு வருவது. அப்பாவிடம் அதைச் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவன் ஆசிட்டோடு எடை போட்டதில் ஒரு நாளும் குறைத்ததில்லை” என்றார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்தச் சோளக்காட்டு வழியாக வந்தேன். கல் நட்டு, சிவப்பும் மஞ்சளும் கட்டிய கயிறுகள், நுழைவாயிலில் வளைவு, அங்கீகாரம் பெற்ற வீட்டுமனைகள் என்று பெரிய பலகை. வேப்பமரம் இல்லை. பலகையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். இனிமையாகப் பேசினார். எண்பது அடியில் நல்ல தண்ணீர், குழந்தைகளுக்கு விளையாட்டுப் பூங்காவுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்றார். பூங்கா எந்தப் பக்கம் என்று கேட்டேன். மேட்டுப் பக்கம், பழைய தரிசு இருந்த இடம் என்றார். மண்ணைப் பரிசோதித்தீர்களா என்றேன்.

“வாஸ்து எல்லாம் பார்த்தாகிவிட்டது சார். 52 மனையில் 38 போய்விட்டது. வருகிறீர்களா?”